‘இந்த ஊசி எதுக்கும்மா?’

2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு பெரிய பரபரப்பு இல்லாமல் கடந்துபோனது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி படிப்படியாகப் போடப்படும், அதற்கு 36 கோடி ரூபாய் என்றது அறிவிப்பு. பணம் ஒதுக்குவதும் மருந்து வாங்குவதும் அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் பள்ளியில் கொடுத்த ஒப்புதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு “இந்த ஊசி எதுக்கும்மா?” என்று பிள்ளை கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

பெரும்பாலான வீடுகளில் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. “கேன்சர் வராம இருக்கறதுக்கு. கையெழுத்துப் போட்டாச்சு, எடுத்துட்டுப் போ.” இதில் பொய் எதுவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வாக்கியமாக இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். நம் வீடுகளில் இதுவே கடைசி வாக்கியமாகவும் ஆகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். அந்தக் கேன்சர் எப்படி வருகிறது, ஏன் இந்த வயதிலேயே ஊசி, அண்ணனுக்கு ஏன் கிடையாது என்று அடுத்தடுத்து வரும் கேள்விகளுக்கு, உடலுறவு என்ற பேச்சைத் தொடாமல் நேர்மையாகப் பதில் சொல்ல வழியில்லை.

பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் தெரிந்தேதான் இதைப் ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்று மட்டும் அழைக்கின்றன. பெற்றோர் மிரளக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஊசி போடும் அளவுக்கு அந்தக் கணக்கு வேலை செய்யலாம். ஆனால் வதந்தி கிளம்பும் நாளில், சொல்லாமல் விட்ட விஷயம்தான் முதலில் வெளியே வரும். இந்தியாவிலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வைரஸ் செய்யும் வேலை

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கையிலும் காலிலும் வருகிற சாதாரண மருவுக்கும் இந்தக் குடும்பம்தான் காரணம். பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றும் வகைகளில் 16, 18 என்று எண்ணிட்ட இரண்டும் மோசமானவை. உலகில் வருகிற கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டினால் வருவது. வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தோலோடு தோல் உரசுவதிலேயே இது பரவும்; முழு உடலுறவுகூடத் தேவையில்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. அது மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கலாம். பாலுறவு வாழ்க்கை தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு என்றாவது ஒரு நாள் இந்தத் தொற்று வந்து போகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் வருடக்கணக்கில் தங்கிவிடும் சிலருக்குத்தான் கருப்பையின் வாய்ப் பகுதியில் செல்கள் மெல்ல மாறத் தொடங்குகின்றன. அது புற்றுநோயாக முற்ற 15, 20 வருடங்கள் ஆகலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5, 10 வருடங்களிலேயே நடந்துவிடும். இந்தியாவில் 2022-ல் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கின் மதிப்பீடு.

“எங்க பொண்ணு அப்படியெல்லாம் இல்லீங்க” என்று சொல்லும் பெற்றோருக்கு இந்தக் கணக்கில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரே ஆணோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தத் தொற்று வரலாம், வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் கணவனுக்கு எங்கேயோ தொற்றியிருந்தால் போதும். அவனுக்கே அது தெரிந்திருக்காது. இன்று புற்றுநோய் வார்டுகளில் படுத்திருக்கும் நம் ஊர்ப் பெண்களின் ஒழுக்கத்தை இந்த நோயை வைத்து எடை போடுவதைப் போல அநியாயம் வேறில்லை. இன்னொன்றையும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு யோசிக்கத்தான் வேண்டும்: ஒரு பெண்ணின் உடம்புக்கு நடப்பதெல்லாம் அவள் சம்மதத்தோடு மட்டுமே நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஏன் இத்தனை சின்ன வயதில்

பெற்றோர் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். ஒன்பது, பத்து வயதுக் குழந்தைக்குப் பாலுறவு சம்பந்தப்பட்ட ஊசியா?

தடுப்பூசிக்கு வைரஸை வெளியேற்றும் சக்தி கிடையாது. ஏற்கெனவே தொற்றியிருந்தால் அந்த வகைக்கு எதிராக அது எதுவும் செய்யாது. எனவே தொற்றுக்கு வாய்ப்பு வருவதற்கு முன்பே போட்டாக வேண்டும். மேலும், 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் உடம்பு காட்டும் எதிர்வினை வயது வந்தவர்களைவிட நன்றாக இருக்கிறது. 15 வயதைத் தாண்டினால் மூன்று தவணை என்று இருந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு போதும் என்றதற்கு இதுதான் காரணம்.

இதே தர்க்கத்தை நாம் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்கள். அந்த வைரஸும் ரத்தம் வழியாக மட்டுமல்ல, உடலுறவு வழியாகவும் பரவுவதுதான். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு இது எதற்கு என்று எந்தப் பாட்டியும் சண்டை போட்டதில்லை. ரூபெல்லா ஊசி போடுவதன் முக்கிய நோக்கமே, அந்தப் பெண் குழந்தை நாளை கர்ப்பமாகும்போது வயிற்றில் இருக்கும் சிசு பாதிக்கப்படக் கூடாது என்பதுதான். ஹெச்பிவிக்கு மட்டும் தனி நியாயம் பேசுகிறோம் என்றால், பிரச்சினை மருந்தில் இல்லை. இந்த ஊசி போடும் வயதில் பிள்ளை கேள்வி கேட்கும்.

“ஊசி போட்டால் தைரியம் வந்து தப்புத்தண்டா செய்வாள்” என்ற பயத்தையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 11, 12 வயதுப் பெண் பிள்ளைகள் 1,398 பேரின் மருத்துவப் பதிவுகளை மூன்று வருடம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கர்ப்பம், பால்வினை நோய், கருத்தடை ஆலோசனை எதிலும் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்ட யாரும் அன்று மாலையே துருப்பிடித்த ஆணியைத் தேடிப் போவதில்லையே.

யாரிடமும் கேட்காமல் போட்ட ஊசி

2009-ல், அப்போது பிரிக்கப்படாத ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்தத் தடுப்பூசிக்கு ஒரு முன்னோட்டத் திட்டம் நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து நடத்தியது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், அவர்களில் பலர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சில மாதங்களில் ஏழு பிள்ளைகள் இறந்துபோன செய்தி வெளிவந்தது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது.

விசாரணையில் அந்தச் சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, விஷம் குடித்தது என்று காரணங்கள் வேறாக இருந்தன. ஆனால் விசாரணை வேறொன்றை வெளியே கொண்டுவந்தது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரின் ஒப்புதலே வாங்கப்படவில்லை. விடுதிக் காப்பாளர்களே வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்ன ஊசி, எதற்கு என்று பிள்ளைக்கும் தெரியாது, ஊரில் இருந்த அப்பா அம்மாவுக்கும் தெரியாது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் தந்த அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. சாடியது நியாயம்தான். ‘அமெரிக்கக் கம்பெனிகள் நம் பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்கின’ என்று ஊர் பேசியதற்கு, மருந்தைவிட அந்தக் கையெழுத்துகளே காரணம். அதன் பிறகு பஞ்சாபின் இரு மாவட்டங்களும் 2018-ல் சிக்கிமும் தாமாக முன்வந்து போட்டது தவிர, அரசுத் திட்டங்கள் இந்த ஊசியைத் தொடவே நெடுங்காலம் தயங்கின.

இந்தக் கதைக்கு யாரும் எதிர்பாராத ஒரு கிளையும் உண்டு. அதே காலத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தியாவில் வேறொரு ஆய்வைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு தவணையா, மூன்றா எது போதும் என்று பார்க்கும் ஆய்வு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. 2010-ல் வந்த தடை உத்தரவு அதையும் பாதியில் நிறுத்தியது. விளைவு, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்ட 5,000 பேர் ஒரே ஒரு தவணையோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைகளுக்கு எதிராக ஒரு தவணையே மற்றவற்றுக்கு இணையான பாதுகாப்பைத் தருவது தெரிந்தது. முடிவுகள் 2021-ல் வந்தன. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுவரை ஒரு தவணையும் போதும் என்று அறிவித்ததற்கு, கென்யாவில் நடந்த ஆய்வோடு இதுவும் முக்கிய ஆதாரம். பணம் குறைந்த நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று சொல்லத் தேவையில்லை.

வதந்தி ஓடும் வேகத்தை 2017 பிப்ரவரியில் தமிழ்நாடே பார்த்தது. அம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியதும் வாட்ஸப்பில் ஆடியோக்கள் பறந்தன, பள்ளிக்கு அன்று லீவு போட வைத்த பெற்றோர் ஏராளம். ஜப்பானில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே 2013 ஏப்ரலில் ஹெச்பிவி ஊசியை வழக்கமான அட்டவணையில் சேர்த்தார்கள். பக்கவிளைவு என்று தொலைக்காட்சியில் சில பிள்ளைகளைக் காட்டியதும், ஜூனிலேயே அரசு பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்த எண்ணிக்கை ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆனது. இடைப்பட்ட தயக்கத்தின் விலையாக எதிர்காலத்தில் 5,000 பெண்களுக்கு மேல் கூடுதலாக இறக்கக்கூடும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இலங்கையிலோ 2017-லிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட்டுவருகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகளுக்கு இது பழகிப்போன சங்கதி.

வீட்டில் பேசுவது

பெண் வயசுக்கு வந்ததைத் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துச் சொல்லும் ஊர் நம்முடையது. தாய்மாமன் சீர்வரிசையோடு வருவார், மண்டபம் பிடிப்பார்கள், போட்டோகிராபர் ஆல்பம் போடுவார். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், உன் உடம்பில் என்ன நடந்தது, இனி என்ன நடக்கலாம் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொன்னவர் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். கூச்சம் என்கிறோம். பிளெக்ஸ் வைக்கும்போது எங்கே போனது அந்தக் கூச்சம்?

பேசுவது என்றதும் கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார வைத்து நடத்தும் பாடம் என்று நினைக்க வேண்டியதில்லை. அப்படி உட்கார வைத்தால் பிள்ளை முதல் நிமிடத்திலேயே காதை மூடிக்கொள்ளும். முகத்தை முகம் பார்க்காத இடம்தான் வசதி. வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு விட்டுவிடலாம். மீதியை இன்னொரு நாள் அதுவே வந்து கேட்கும்.

ஒன்பது, பத்து வயதில் கேட்டால்: “வளர்ந்த பிறகு கர்ப்பப்பை வாயில வர்ற ஒரு கேன்சர் இருக்கு. ஒரு வைரஸால வருது. அது உடம்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே ஊசி போட்டா வராது.” வைரஸ் எப்படி வரும் என்று உடனே கேட்டால், “பெரியவங்க ஆனப்புறம் ரெண்டு பேர் ரொம்ப நெருக்கமா இருக்கறப்ப தோல்லேர்ந்து தோலுக்குப் பரவும். சளி மாதிரி தும்மினா வராது” என்றால் போதும். பொய்யும் இல்லை, அதிகமும் இல்லை.

பன்னிரண்டு, பதினாலில் இது பத்தாது. உடலுறவு, ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு என்ற சொற்களைக் குரல் தாழ்த்தாமல் சொல்லப் பழக வேண்டும். தமிழில் வாய் வரவில்லை என்றால் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. பிள்ளைகள் பாதிக்குமேல் போனில் பார்த்திருப்பார்கள், அதில் பாதி தப்பாக இருக்கும். “அப்போ நான் அப்படிச் செய்வேன்னு நினைச்சுத்தான் ஊசி போடறியா?” என்று வெடுக்கென்று கேட்டால் பதறக் கூடாது. “உன் கிளாஸ்ல எல்லாருக்கும் போடறாங்க, நீ என்ன செய்வேன்னு பார்த்துப் போடறதில்லடா. நீ முப்பது வயசுல கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அன்னிக்கும் இது உனக்கு வேணும்.” இப்படி ஒரு தடவை நேராகப் பதில் கிடைத்துவிட்டால், நாளை யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டாலோ, போனில் படம் அனுப்பச் சொல்லி மிரட்டினாலோ சொல்வதற்கு வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றும். என்னைக் கேட்டால் இந்த ஊசியின் இரண்டாவது பயன் அதுதான்.

வீட்டில் பேச முடியாத பிள்ளை டாக்டரிடம் பேசிக்கொள்ளும் என்று விடவும் முடியாது. போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எந்தப் பாலுறவும் குற்றம். தெரியவந்தால் டாக்டர் உட்பட யாரும் புகார் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம்தான், ஆனால் பதினேழு வயதுப் பெண் ஒரு சந்தேகத்தோடு கிளினிக் படி ஏறத் தயங்குவதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைப் புகாரில் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது இந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்துத்தான்.

அப்புறம், அண்ணன். அவனுக்கும் ஊசி உண்டு. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களிலும் இந்த வைரஸுக்குப் பங்கு இருக்கிறது. ஆஸ்திரேலியா 2013-லும் பிரிட்டன் 2019-லும் பையன்களுக்கும் போட ஆரம்பித்தன. இங்கே அரசுத் திட்டம் பெண்களுக்கு மட்டும் என்பது பணக்கணக்கு. தனியாரில் பையனுக்கும் போட்டுக்கொள்ளலாம். 2022-ல் அனுமதி பெற்ற, சீரம் இன்ஸ்டிட்யூட் உள்நாட்டிலேயே தயாரிக்கும் செர்வாவாக் என்ற ஹெச்பிவி ஊசி வந்த பிறகு விலையும் முன்பு போல் எட்டாத உயரத்தில் இல்லை. ஊசி போடாவிட்டாலும் பேச்சில் அவனை விட்டுவிடக் கூடாது. இந்தப் பேச்சை அம்மா–மகள் ரகசியமாக வைத்துக்கொண்டு பையனையும் அப்பாவையும் கூடத்துக்கு அனுப்பிவிடுவது, வைரஸைச் சுமந்து போவதில் ஆண்களுக்கும் பாதிப் பங்கு இருக்கும்போது, வேடிக்கையாக இல்லையா?

ஊசி அன்று கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். போட்ட பின் 15 நிமிடம் உட்கார வையுங்கள்; இந்த வயதில் ஊசி பார்த்தே மயங்குவது சகஜம், ஒருத்தி விழுந்தால் வரிசையில் நிற்கும் நாலு பேருக்குத் தலை சுற்றும், மறுநாள் அதுவே வதந்தியாகிவிடும். கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். குழந்தை பிறக்காது என்ற புரளிக்கு, 27 கோடி தவணைகளுக்கு மேல் வினியோகமான பிறகு 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு பரிசீலித்தும் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

மகளுக்கு ஊசி போட்டாலும் 30 வயதுக்கு மேல் அவள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. அம்மாவுக்கு ஊசியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, பரிசோதனை மட்டும்தான் மிச்சம். ஆனால் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இதைச் செய்துகொண்டவர்கள், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 2 சதவீதம்கூட இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 10 சதவீதம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் முறையைச் செவிலியர்களை வைத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் போய்ச் செவிலியரிடம் கேட்டால் சொல்வார்கள். சில நிமிட வேலை, மாதவிடாய் நாட்களாக மட்டும் இருக்கக் கூடாது.